லோஞ்ச் விசிறியில் பாதரசம்

படித்தவர்களை எனக்குப் பிடிக்காது என்று என் மருமகள் சொல்லித் திரிகிறாள். அது பிழை. படிக்காதவர்களையும் எனக்குப் பெரிதாகப் பிடித்ததில்லை. திருகோணமலைத் துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் சாமான் தூக்கியும், கூட்டியும், எண்ணெய் துடைத்தும் என் சீவியம் போனது. இரண்டு வகையையும் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதில்லை. எழுத்தை வளர்ந்த பிறகுதான், சாமான் சுற்றி வந்த பழைய பேப்பர்களைப் பார்த்துப் பழகினேன். ஆகையால் இதில் பெரிய வசனங்களைத் தேட வேண்டாம்.

எழுபதுகளில், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. மரவள்ளிக்கிழங்கை அவித்தும் தின்றோம், இடித்துப் பிட்டாக்கியும் தின்றோம், கடைசியில் அதைக் கண்டாலே வயிறு திரும்பிப் படுத்துக்கொண்டது. அரிசி கொண்டுபோனால் வழியில் மறித்துப் பறிப்பார்கள். அப்போதும் அதிகாரிகளின் வீட்டுக் குசினியில் சோறு வெந்துகொண்டுதான் இருந்தது. மணத்தை மறைக்க அவர்களுக்கும் தெரியவில்லை, மறைக்க வேண்டுமென்றும் தோன்றவில்லை. சரி, அது வேறு கதை.

மூதூருக்கு அப்போது லோஞ்சில்தான், இயந்திரப் படகில்தான் போவோம். தரையால் போவதென்றால் ஒவ்வொரு துறையிலும் இறங்கி ஏறிப் பாதி நாள் போய்விடும். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே வெட்டிப் போகிற அந்த லோஞ்சை மூதூர் ஆள் ஒருவர் ஓட்டினார். முஸ்லிம் மனிதர். எல்லோரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த உடம்பு, தாடியில் பாதி நரை. ஆட்களோடு அதிகம் கதைக்க மாட்டார். இயந்திரத்தோடு கதைப்பார். அதைத் திட்டுவார், பிறகு சமாதானம் சொல்வார். பட்டறையில் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு நன்றி என்று சொன்ன ஆட்களில் அவரும் ஒருவர். மற்றவர்களை யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாள் ஒன்றில், நடுக்குடாவில் லோஞ்சின் விசிறி உடைந்தது. விசிறி என்றால் தண்ணீருக்குள் சுழன்று லோஞ்சைத் தள்ளுகிற பித்தளைச் சாமான். அதன் இதழ் ஒன்று முறிந்து கடலுக்குள் போய்விட்டது. லோஞ்ச் அலையில் இழுபட்டு, கடைசியில் கிண்ணியா மீன்பிடிகாரர்கள் வந்து கயிறு கட்டிக் கரை சேர்த்தார்கள். யாரும் சாகவில்லை. மூன்று நான்கு கோழிக்கூடைகள் போயின. ஆனால் அந்த லோஞ்சில் கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் குமட்டிச் சத்தி எடுத்தார், அவருடைய சப்பாத்து நனைந்தது. ஆகவே விசாரணை வைக்க வேண்டியதாயிற்று. சனம் மட்டும் நனைந்திருந்தால், சனம் காய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

விசாரணைக்கு ஒரே கேள்வி. இதழ் பாறையில் அடித்து முறிந்ததா, கடல் உப்பு அரித்து உக்கி முறிந்ததா? பாறை என்றால் காக்காவின் பிழை, அவருடைய வேலை போகும். உக்கல் என்றால் பட்டறையின் பிழை. ஏனென்றால் அந்த விசிறியைப் பார்த்து மாற்ற வேண்டியவர்கள் நாங்கள். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து அதை ஒருவரும் மாற்றியதாக எனக்குத் தெரியாது. எங்கள் இஞ்சினியரும், அவருக்குக் கீழே வேலை வாங்குகிற போர்மனும் அன்றே பாறையின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். குடாவில் எந்தப் பாறை என்று கேட்டால் இஞ்சினியர் கிழக்கே கையைக் காட்டுவார், போர்மன் மேற்கே காட்டுவார்.

காக்காவை வேலையால் நிறுத்தினார்கள். தீர்ப்பு வரும்வரை என்று சொன்னார்கள். அவர் வேறொருவனுடைய வள்ளத்தில் கூலிக்கு வலை இழுக்கப் போனார்.

இந்த இடத்தில்தான் அணுத்தம்பி வருகிறான். அது பட்டறையில் நாங்கள் வைத்த பட்டம். இஞ்சினியரின் அக்கா மகன். இங்கிலாந்தில் பெரிய படிப்புப் படித்துக்கொண்டிருந்தான், லீவில் வந்திருந்தான். உலோகம் கடலில் எப்படி உக்குகிறது என்பதை அணு அணுவாகப் பார்க்கிற மெசின் ஒன்று அங்கே இருக்கிறதாம். அதை இன்னும் திருத்தமாக்குவதுதான் அவனுடைய வேலையாம். கடலில் கிடந்து கெட்ட பித்தளைத் துண்டு ஒன்று வேண்டும் என்று மாமனைக் கேட்டான். மாமனுக்கு அது நல்லதாய்ப் போயிற்று. இங்கிலாந்து மெசின் பாறை என்று சொல்லிவிட்டால் யார் மறுத்துக் கதைப்பான்? விசாரணைக்காரரும் சம்மதித்துவிட்டார்கள். உடைந்த விசிறியின் அடிக்கட்டை எங்கள் பட்டறையில்தான் கிடந்தது.

அவன் கதிரையைத் திருப்பிப் போட்டு அமர்ந்து விளங்கப்படுத்தியது இன்னும் காதில் நிற்கிறது. பித்தளையில் ஒரு சிறு துண்டை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத கூருள்ள ஊசியாக்குவானாம். காற்றே இல்லாத குடுவைக்குள், கடும் குளிரில், அந்த ஊசிக்கு மின்சாரம் கொடுப்பானாம். அப்போது ஊசி முனையிலிருந்து அணுக்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறக்குமாம். பாரமானது மெதுவாகப் போய்ச் சேரும், பாரமில்லாதது கெதியாகப் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்த நேரத்தை வைத்து இது செம்பு, இது துத்தநாகம் என்று சொல்லிவிடலாமாம்.

போர்மன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அப்ப தம்பி, ஒண்டு ஒண்டா எண்ணி முடிய எத்தினை வருசம் செல்லும்?"

"முழுக்க எண்ணத் தேவையில்லை ஐயா. முனையில கொஞ்சம் எண்ணினாக் காணும்."

கொஞ்சத்தைப் பார்த்து முழுவதையும் சொல்கிற வேலையை எங்கள் பாலையூற்றுச் சாத்திரியாரும் செய்தார். அவர் அதற்காகக் கப்பலேறிப் போய்ப் படிக்கவில்லை. இதை நான் அப்போது சொல்லவில்லை. நான் விளக்குமாற்றோடு நின்றவன்.

அவன் உடனே துண்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. நுவரெலியா, கண்டி என்று சுற்றிவிட்டுப் புறப்படுகிற நேரத்தில் வந்து எடுப்பதாகச் சொன்னான். அதற்குள் ஆயுத பூசை வந்தது.

எங்கள் போர்மனுக்கு வருடம் முழுவதும் வேலை இருந்ததோ இல்லையோ, ஆயுத பூசை அன்று வேலை இருந்தது. குறடு, அரம், சுத்தியல், லேத்து மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். வருடம் முழுவதும் துருப்பிடித்துக் கிடந்த ஸ்பானருக்கு அன்று மட்டும் பொட்டு. அந்த வருடம் அவர் விசிறிக் கட்டையையும் தூக்கி வந்து வாழையிலையின் நடுவில் வைத்தார். முடிவு பாறை என்று வர வேண்டும் என்பது அவருடைய நேர்த்தி. வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இராமேஸ்வரத்துக்குப் போய் வந்தபோது வாங்கிய குங்குமம் ஒரு தகரப் பேணியில் வைத்திருந்தார். சாதாரண நாளில் மனைவிக்கும் கொடுக்க மாட்டாராம். அதைப் பன்னீரில் குழைத்து, முறிந்த வாயிலேயே அப்பினார். அந்த முறிந்த வாய் சிவந்து, சல்லடை போலத் துளை துளையாக இருந்தது. குழம்பு உள்ளே இறங்கிப் போக, இன்னும் ஊற்றினார். பூசை முடிய கடலை அவல் தந்தார்கள். கடலை வேகவில்லை.

பிறகு அணுத்தம்பி வந்தான். கட்டையைத் தண்ணீரில் கழுவி, சாரத் துணி ஒன்றால் துடைத்து நான்தான் கொடுத்தேன். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. அதில் ஒரு பகுதியை வாளால் அரிந்து எடுத்துக்கொண்டு அவன் போனான்.

கன மாதம் ஒரு செய்தியும் இல்லை. காக்கா மட்டும் வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்குத் திருகோணமலை ரவுனுக்கு வந்தால் பட்டறை வாசலில் நின்று, முடிவு வந்ததா என்று என்னைக் கேட்டுவிட்டுப் போவார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவரும் தலையை ஆட்டுவார்.

வந்த முடிவு பாறையும் இல்லை, உக்கலும் இல்லை. பித்தளையில் பாதரசம் இருக்கிறது என்று அணுத்தம்பி எழுதியிருந்தான். பாதரசம் பட்டால் பித்தளை வெடிக்கும், அது எல்லோருக்கும் தெரிந்த விசயம் என்றும் எழுதியிருந்தான். எல்லோரும் என்றால் யாரோ. சப்பாத்து நனைந்த அதிகாரிக்கு இது போதுமாயிருந்தது. கடல் தண்ணீரில் பாதரசம் எங்கே? ஆகவே யாரோ பூசியிருக்கிறான். யார்? விசிறி உடைவதற்கு முந்தி லோஞ்சைக் கரையில் ஏற்றியபோது அதில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டியது காக்கா. ஏன் பூசினான்? மேலதிக வேலைக்குச் சம்பளம் கேட்டுச் சண்டை பிடித்தவன்தானே. கணக்குச் சரி வந்துவிட்டது.

வேலை போவது ஒரு பக்கம். இப்போது இது சதி. பொலிஸ் வந்து அவரைக் கூட்டிப் போனது. விட்டார்கள், ஆனால் கூப்பிடுகிற நேரமெல்லாம் வர வேண்டும், வழக்கு வரும் என்றார்கள். மறியல், அதாவது சிறை, என்ற சொல் தேத்தண்ணிக் கடைகளில் அடிபட்டது. அவருடைய லோஞ்சில் இத்தனை காலம் ஏறி இறங்கிய எங்கள் ஆட்கள், அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்றார்கள். அவருடைய ஊர்க்காரர்களும் குறைந்தவர்கள் இல்லை. பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் நிற்கக் கூசினார்களாம். இதில் மட்டும் இரண்டு சாதிச் சனமும் நல்ல ஒற்றுமை.

அடுத்த தடவை அவர் வந்தபோது வாசலில் நிற்கவில்லை. உள்ளே, நான் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்தார்.

"தம்பி, பாதரசம் எண்டா என்ன நிறம்?"

நான் பீப்பாயை நிறுத்தினேன். பிறகு சொன்னேன்.

"வெள்ளி மாதிரி, காக்கா. கையில நிக்காது, உருண்டு ஓடும்."

"நான் கண்டதேயில்ல. கண்ணால காணாத சாமானை எப்பிடிப் பூசின எண்டு பொலிசில கேக்கிறாங்க. என்னத்தச் சொல்ற? ஓயில் மாதிரித் தேச்சனா, சுண்ணாம்பு மாதிரி அப்பினனா? பொய் சொல்றதுக்கும் எனக்கு அதப் பத்தித் தெரியாதே."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பீப்பாயின் மறுபக்கத்தில் கையை வைத்து, நான் அதை உருட்டி முடிக்கிறவரை கூடவே தள்ளினார்.

அடுத்த வருடம் அணுத்தம்பி திரும்பி வந்தான். காக்காவுக்காக வரவில்லை. அவனுடைய பேராசிரியர்கள் அவனுடைய கணக்கை நம்பவில்லையாம், அதற்காக வந்தான். மெசினை இப்போது திருத்திவிட்டதாகச் சொன்னான். பழைய மெசினுக்குக் கிட்டக் கிட்ட எடையுள்ளவற்றைப் பிரித்துப் பார்க்க ஏலாதாம். இரண்டு ஒட்சிசன் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கந்தகத்தின் எடை வருமாம். கடலில் கிடந்த சாமானில் ஒட்சிசன் இருக்கத்தானே வேண்டும் என்று, வந்ததையெல்லாம் அவன் ஒட்சிசன் கணக்கில் போட்டுவிட்டான். புது மெசின் பிரித்துக் காட்டியபோது அதில் நிறையக் கந்தகம். அதுவும் பாதரசம் இருந்த இடமெல்லாம் கூடவே கந்தகம். இன்னொன்று, முதலில் மேல்பக்கத்தில் மட்டும்தான் ஊசி செய்தானாம். இந்த முறை உள்ளே, நல்ல பித்தளையும் கெட்ட பித்தளையும் சந்திக்கிற இடத்தில் செய்தான். அங்கே பாதரசம் மருந்துக்கும் இல்லை. துத்தநாகம் ஓடிப்போய், செம்பு மட்டும் பஞ்சு போல மிஞ்சியிருந்ததாம், அதாவது உக்கல்.

இதை அவன் பட்டறையில் வைத்து மாமனுக்கும் போர்மனுக்கும் சொன்னான். பிறகு கேட்டான், கட்டையை அரிகிறதுக்கு முதல் அதில் ஏதாவது பட்டதா, எண்ணெய், மருந்து, பூச்சு ஏதாவது?

இஞ்சினியர் ஒன்றும் படவில்லை என்றார். போர்மனுக்குப் பொறுக்கவில்லை. தான் செய்த காரியம் ஒன்று கணக்கில் வராமல் போவதை அந்த மனிதர் ஒருநாளும் பொறுத்ததில்லை.

"ஒண்டும் படேல்லை எண்டு சொல்லாதேங்கோ சேர். நான் எவ்வளவு விசேசமாப் பூசை செய்தனான். நடு இலையில வைச்சு, பன்னீர் விட்டு, என்ர இராமேஸ்வரத்துக் குங்குமத்தில பாதிப் பேணி அதுக்கே போச்சுது. இஞ்ச விக்கிற மஞ்சள் மா இல்லைத் தம்பி. அசல் சாதிலிங்கத்தில அரைச்சது."

அணுத்தம்பி எழும்பிவிட்டான்.

"அந்தப் பேணி இப்ப எங்க?"

போர்மன் அதைத் தன் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது முகம் மலர்ந்திருந்தது. இங்கிலாந்து வரைக்கும் தன் குங்குமத்தின் புகழ் போகப்போகிறது என்று நினைத்திருப்பார். அணுத்தம்பி ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தான். சாதிலிங்கம் என்றால் வேறொன்றுமில்லை, பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கல் என்றான். அது உலோகத்தை வெடிக்க வைக்காது, சும்மா உள்ளே போய்க் குந்தியிருக்கும். பிறகு கையைத் தட்டிச் சிரித்தான்.

"மாமா, என்ர மெசின் பிழை விடேல்லை! இருந்ததைத்தான் சொல்லியிருக்கு."

சின்னப்பிள்ளைக்குப் பட்டம் ஏறினது மாதிரி ஒரு சந்தோசம். என் வாயை என்னால் அடக்க முடியவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"அப்ப தம்பி, அந்த மனிசன்?"

"எந்த மனிசன்?"

உண்மையாகவே அவனுக்குத் தெரியாது. அவன் நடிக்கவில்லை. தான் எழுதின ஒரு வசனத்தை வைத்து மூதூரில் ஒருவரைப் பொலிஸ் இழுத்தடிக்கிறது என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அணுவை ஒவ்வொன்றாக எண்ணுகிறவன். நான் சொல்லச் சொல்ல அவன் மாமனைப் பார்த்தான். மாமன் யன்னலைப் பார்த்தார்.

அதன் பிறகு நடந்தது நல்லதுதான், ஆனால் நல்ல மனத்தால் நடக்கவில்லை. இதைப் படிப்புக்கு மட்டும் எழுது, விசாரணைக்கு எழுதாதே என்று இஞ்சினியர் மன்றாடினார். உக்கல் என்றால் அவர் தலைதானே உருளும். அவன் மறுத்துவிட்டான். பழைய பிழையை ஊரறியச் சொன்னால்தான் புது மெசின் எவ்வளவு திறம் என்று காட்டலாமாம். ஆகவே விசாரணைக்கும் எழுதினான், பேராசிரியர்களுக்கும் எழுதினான். அவனுடைய பெருமையும் காக்காவின் உயிரும் அந்த ஒரு நேரம் ஒரே பக்கத்தில் விழுந்தன. விழாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு இப்போதும் விருப்பமில்லை.

விசாரணை முடிந்தது, பொலிசும் வழக்கை விட்டது. ஒருவரும் குற்றவாளி இல்லை, கடல் நீரின் தாக்கம் என்றார்கள். கடலை வேலையால் நிறுத்த ஏலாது, அதனால் அதன் மேல் போட்டுவிட்டார்கள். இஞ்சினியருக்கு உயர்வு கொடுத்துக் கொழும்புக்கு மாற்றினார்கள். காக்காவைத் திரும்ப லோஞ்சுக்கு வரச் சொன்னார்கள். நடந்ததற்கு வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை கிடையாது. வலை இழுத்த மாதங்களுக்குச் சம்பளமும் கிடையாது.

அவர் மறுபடி ஓட்டிய முதல் நாள் நானும் ஏறினேன். மூதூருக்கு அப்பால் கிளிவெட்டியில் ஒரு செத்தவீடு இருந்தது. போர்மனும் ஏறினார். அவருக்குச் செத்தவீடு ஒன்றுமில்லை, ஆட்கள் பார்க்கக் காக்காவோடு நிற்க வேண்டும். பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்து, நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார்.

"பாத்தீரே காக்கா, என்ர குங்குமத்தாலதான் உமக்கு வேலை திரும்பக் கிடைச்சது."

காக்கா அவரைப் பார்க்கவில்லை. இயந்திரத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"ஓம் போர்மன். மறியலுக்குப் போகப் பாத்ததும் அதாலதான்."

போர்மன் சிரித்துவிட்டு, கூடச் சிரிக்க ஆள் தேடினார். ஒருவரும் சிரிக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அமர்ந்தார்.

அது அங்கே முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். புது விசிறி பூட்டி ஓடிய பிறகு, சிப்பி சுரண்டுவதற்கு லோஞ்சை மறுபடி கரையேற்றினார்கள். முன்பெல்லாம் காக்காதான் முதல் ஆளாகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கத்தியோடு கீழே குந்துவார். வேறு யாரும் தொட்டால் இதழைக் கீறிவிடுவார்கள் என்று ஏசுவார். அன்று அவர் கிட்டவே வரவில்லை. தள்ளி, ஒரு மரக்குற்றியில் இருந்து, கைகள் இரண்டையும் முழங்காலில் எல்லோருக்கும் தெரிய வைத்துக்கொண்டிருந்தார். நான் கத்தியைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"வேணாம் தம்பி," என்றார். "நீங்களே சுரண்டுங்க. சாட்சிக்கு ரெண்டு பேர நிப்பாட்டி வச்சுச் சுரண்டுங்க."

நான்தான் சுரண்டினேன். எனக்கு அந்த வேலை சரியாக வராது. இதழ் முழுக்கக் கீறல் விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் ஏசவில்லை.